பிள்ளையார்பாளையத்துக் குமிழிப் படங்கள்

"பெரியநாயகி போற நாளு நீயும் போ. அவ போகாத நாளு வீட்ல இரு. அவ்வளவுதான்."

மாமியார் மதனவதி அம்மாள் இதைச் சொல்லும்போது முறத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. துவரம்பருப்பில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை நசுக்காமல் துணி நுனியில் ஏற்றி வெளியே விடுவதில் அவருடைய கவனம் முழுவதும் இருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்பது மருமகள் குணமாலாவுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

1969-ஆம் வருடம், ஆவணி மாதம். திருப்பருத்திக்குன்றத்தின் அந்தச் சமணர் தெருவிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு வேலைக்குப் போனதில்லை. குணமாலா தென்னேரிப் பக்கத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். கடையிலிருந்து சாமான் கட்டி வரும் காகிதத்தைக்கூடப் பிரித்து, நீவி, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். கணவர் தேவகுமாருக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரம். அவர் எதற்கும் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. குறுக்கே நின்றது வேகவதி ஆறுதான்.

ஆறு என்று பெயரே தவிர வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். அந்த மணலைத் தாண்டி, கருவேலம் புதர்களைத் தாண்டிக் கரையேறினால் பிள்ளையார்பாளையத்தின் தறிச்சத்தம் காதில் விழும். வேலை அங்கேதான். அந்த மணலை ஒரு பெண் தனியாகக் கடப்பதா என்பதுதான் மாமியாரின் பயம். அதே வேலைக்குப் போக முடிவு செய்திருந்த பெரியநாயகி இரண்டு தெரு தள்ளி, நெசவாளர் தெருவில் இருந்தாள். குணமாலாவைவிட ஆறேழு வயது மூத்தவள். பேசினால் நாலு வீடு கேட்கும். சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் தோளில் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு விழுந்த தோள் கொஞ்ச நேரம் வலிக்கும். இப்படி ஒருத்தி கூட இருந்தால் கருவேலங்காட்டில் எவனும் வரமாட்டான் என்பது மதனவதி அம்மாளின் கணக்கு.

வேலை என்ன என்று வீட்டில் விளக்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"படம் பார்க்கற வேலை" என்றாள் குணமாலா.

"சினிமாவா?" என்றார் தேவகுமார்.

"இல்ல. படத்துல வெறும் கோடு இருக்கும். அதைப் பார்க்கணும்."

"பார்த்து?"

"எங்க கோடு உடையுதுன்னு எழுதணும்."

தேவகுமார் கொஞ்சம் யோசித்தார். "இதுக்கு சம்பளம் கொடுக்கறவன் யாருன்னு விசாரிச்சுக்கினு போ" என்றார்.

விசாரித்தால் கதை ரொம்ப தூரம் போயிற்று. ஐரோப்பாவில் ஒரு பெரிய இயந்திரம். அணுவைவிடச் சின்னத் துகள்களை அது மகா வேகத்தில் முடுக்கிவிடும். அவை திரவ ஹைட்ரஜன் நிரப்பிய ஓர் அண்டாவுக்குள் பாய்ந்து, அதற்குள் இருக்கும் அணுக்கள்மேல் மோதும். துகள் போகிற வழியெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி எழும். குமிழி கலைவதற்குள் மூன்று கேமராக்கள் மூன்று கோணத்தில் படம் எடுத்துவிடும். துகளை யாராலும் பார்க்க முடியாது. அது போன தடத்தைப் பார்க்கலாம். இப்படி லட்சக்கணக்கில் படங்கள் குவிந்துகிடந்தன. எந்தப் படத்தில் விசேஷம் இருக்கிறது என்று பொறுக்கியெடுக்க மனிதக் கண்ணை விட்டால் அப்போது வேறு வழி இல்லை. அதனால் ஃபிலிம் சுருள்களை நாடு நாடாகப் பங்கு போட்டு அனுப்பினார்கள். சென்னைக்கு வந்த பங்கில் ஒரு பகுதி காஞ்சிபுரத்துக்கு வந்தது. சென்னை ஆராய்ச்சிக்கூடத்தில் மேசை போட இடம் இல்லை, அங்கே வேலைபார்த்த பேராசிரியர் பூவராகவனின் மாமனார் வீட்டு மாடி பிள்ளையார்பாளையத்தில் சும்மா கிடந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அறை இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வேண்டும் என்று பூவராகவன் கீழ்த்தெருச் சாயக்காரரிடம் காடாத்துணி கொடுத்து முக்கச் சொன்னார். பட்டுக்கு அழியாத சிவப்புப் போடுகிற மனிதர், காடாவுக்குப் போட்ட கறுப்பில் எதையோ விட்டுவிட்டார். முதல் மழைக்குச் சாரல் பட்டதும் திரையைத் தொட்டவர் கையெல்லாம் கறுப்பு. குணமாலா அன்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக, மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோடு பார்க்கற வேலைன்னுதானே சொன்னே" என்றார்.

வேலைக்கு ஆள் எடுத்தபோது பூவராகவன் ஒரே ஒரு பரீட்சைதான் வைத்தார். ஒரு படத்தைப் புரொஜெக்டரால் மேசைமேல் விழவைத்து, "என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார்.

"பாவு விரிச்சிருக்குது சார்" என்றாள் பெரியநாயகி உடனே. நீளவாட்டில் வரிசையாக ஓடிய கோடுகள் அவளுக்குத் தறியில் பூட்டிய பாவு நூலாகத் தெரிந்தன. "இதோ, இந்த எடத்துல ஒரு இழை அறுந்து சிலும்பிக்கினு நிக்குது."

அவள் விரல் வைத்த இடத்தில்தான் ஒரு துகள் மோதிச் சிதறியிருந்தது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதைப் பற்றி அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

குணமாலா வேறு ஒன்றைக் காட்டினாள். "இங்க ரெண்டு கோடு பிரியுது. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலையே, சார்."

"அதுதாம்மா எங்களுக்கு வேணும்" என்றார் பூவராகவன். மின்னேற்றம் இல்லாத துகள் குமிழி எழுப்பாது. பிறந்த இடத்திலிருந்து தடமே விடாமல் கொஞ்ச தூரம் ஓடி, அங்கே இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளுக்கு மின்னேற்றம் உண்டு. அதனால் வெறும் வெளியில் திடீரென்று ஒரு கவட்டை முளைத்த மாதிரி இருக்கும். அதற்கு அந்த அறையில் கவட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த இளைஞர்கள் இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வார்கள். மாடிப்படி ஏறிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் அவர்களும் கவட்டைக்கு வந்துவிடுவார்கள்.

மேசை இரண்டு. ஒன்றில் குணமாலா, பக்கத்து மேசையில் பெரியநாயகி. ஒரே சுருளை இருவரும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகத் தாளில் குறிக்க வேண்டும்.

"ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக்கூடாது" என்றார் பூவராகவன். ஏன் என்று சொல்லவில்லை. சென்னைக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வருவார், தாள்களை எடுத்துக்கொண்டு போவார்.

அந்த இருட்டுக்குள் குணமாலாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவது சமணர்களான அவர்கள் குடும்பத்தில் இல்லை. ஆறு மணிக்கு வேலை முடித்து, ஆற்றைக் கடந்து வீடு போய்ச் சேர்ந்தால் கார்த்திகை மார்கழியில் இருட்டிவிடும். அதனால் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்தாள். ஆனால் கறுப்புத் திரைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கடிகாரத்தை நம்ப அவள் மனசு ஒப்பவில்லை. மேகம் போட்டால், மாதம் மாறினால் பொழுது மாறும். பெரியநாயகி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, திரையை விலக்கிச் சொல்வாள்.

"குணா, இன்னும் ஒரு பனைமர ஒசரம் கீது. வா, வந்து துன்னுட்டுப் போ."

குணமாலா சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியநாயகி எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். யார் வீட்டுத் தறியில் எந்தக் கல்யாணத்துப் புடவை ஓடுகிறது, எந்த முதலாளி எந்தக் கரையில் குற்றம் கண்டுபிடித்தார், எல்லாம் வரும். பதிலுக்குக் குணமாலா அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் சொல்லிக்கொடுத்தாள். தாளில் குறியிட அது தேவைப்பட்டது.

முதல் இரண்டு மாதம் கழித்து பூவராகவன் ஒரு சனிக்கிழமை தாள்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "பெரியநாயகியம்மா நிறைய விடறாங்க. நூத்துக்கு எழுபதுக்குக் கீழ போயிட்டா மெட்ராஸ்ல அந்த மேசைக்கு வேற ஆளைப் போடச் சொல்வாங்க. கொஞ்சம் ஜாக்கிரதையாப் பாருங்க."

அன்று சாயங்காலம் மணலில் நடக்கும்போது பெரியநாயகி வழக்கம்போலப் பேசினாள். ஆனால் யார் தோளிலும் தட்டவில்லை. குணமாலா மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். பெரியநாயகிக்கு வேலை போனால் தனக்கும் போன மாதிரிதான். கவட்டை, குமிழி, இருட்டறை எல்லாம் போய், காகிதத்தை நீவிப் படிக்கிற வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் குணமாலா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு சுருள்ல நடுவாந்திரத்துல ஒண்ணு இருக்குது, அக்கா. படத்து ஓரமா, ரொம்பப் பொடிசு. கண்ணைச் சாச்சுப் பாரு."

பெரியநாயகி போய்ப் பார்த்தாள். இருந்தது. குறித்துக்கொண்டாள்.

அதில் தப்பு இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. பெரியநாயகி சிறுமியாக இருந்தபோது அப்பாவின் கோர்வைத் தறியில் துணையாக உட்கார்ந்தவள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அப்பா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று இருவர் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கொடுத்தால்தான் ஒரு வரிசை சேரும். அவள் ஓர் இழை தவறவிட்டால் அப்பா கண்ணைக் காட்டுவார், அப்பா தவறவிட்டால் அவள் தொண்டையைச் செருமுவாள். பார்த்த குறையைச் சொல்லாமல் விட்டு அடுத்த வரிசைக்குப் போவது தறிக்காரருக்குப் பெரிய துரோகம். தாளைப் பார்க்கக்கூடாது என்றுதானே சார் சொன்னார்? அவர்கள் பார்க்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி வாயால் சொல்லிக்கொண்டார்கள். பெரியநாயகியும் தன் கண்ணில் பட்டதைக் குணமாலாவுக்குச் சொன்னாள். குணமாலா சொன்னது ஜாஸ்தி, பெரியநாயகி சொன்னது கம்மி. அந்த வித்தியாசத்தை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைகளில் பூவராகவனின் முகம் மலர ஆரம்பித்தது. இரண்டு பேர் தாளும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒத்துப்போயிற்று. சென்னையில் போய்ப் பெருமையாகச் சொன்னார். ஒருமுறை எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவந்தார்.

மாசி மாதம் அவர் சனிக்கிழமைக்குக் காத்திராமல் புதன்கிழமையே வந்தார். மைசூர்பாகு இல்லை. செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, மறுபடி போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"இந்தச் சுருள் எல்லாம் ஏழெட்டு ஊர்ல பிரிச்சுப் பார்க்கறாங்க" என்றார். "எங்கேயும் ரெண்டு பேர் இவ்வளவு ஒத்துப்போனதில்ல. காஞ்சிபுரத்துல ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் காப்பி அடிக்கறாங்கன்னு சொல்லிட்டாங்க. நான் இல்லைன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். நீங்க தாளைப் பார்த்தீங்களா?"

"சத்தியமா இல்ல சார்" என்றாள் பெரியநாயகி. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க ஏன் காப்பி அடிக்கணும்? அவ பார்த்தது எனக்குச் சொல்வா, நான் பார்த்தது அவளுக்குச் சொல்வேன். ரெண்டு பேரும் சுத்தமா வேலை செஞ்சுக்கினு இருக்கறோம்."

பூவராகவன் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது.

"தப்பு என்மேலதான்" என்றார். "ஏன்னு சொல்லாம போயிட்டேன். இப்போ கேளுங்க. நீங்க தனியா பத்து கவட்டை கண்டுபிடிக்கறீங்க, அவங்க தனியா பத்து கண்டுபிடிக்கறாங்க. அதுல எட்டு ரெண்டு பேருக்கும் பொதுன்னா, படத்துல நம்ம கண்ணுக்குத் தப்பினது கொஞ்சம்தான்னு அர்த்தம். மூணுதான் பொதுன்னா? இன்னும் எவ்வளவோ ஒளிஞ்சிருக்குதுன்னு அர்த்தம். ரெண்டு பேரும் பார்க்காம விட்டது எத்தனைன்னு, ஒருத்தர் மட்டும் விட்டதை வச்சுத்தான் நான் கணக்குப் போட முடியும். நீங்க பேசி வச்சுப் பத்தையும் பொதுவாக்கிட்டீங்க. விட்டது எத்தனைன்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நாங்க தப்பு விட்டாத்தான் உங்களுக்கு நல்லதா?" என்றாள் பெரியநாயகி.

"எவ்வளவு விடறீங்கன்னு நிஜமாத் தெரிஞ்சா நல்லது."

பழைய தாள்கள் எல்லாம் வீண். புதிதாகச் சில சுருள்கள் வரும், அவற்றைப் பேச்சே இல்லாமல் பார்க்க வேண்டும். கணக்கு சரியாக வந்தால் காஞ்சிபுரத்துப் படங்கள் மற்ற ஊர்க் கணக்கோடு சேரும். பெரியநாயகியின் எண் எழுபதுக்குக் கீழே போனால் அவள் மேசை போய்விடும். இந்தத் தடவை அவரால் சண்டை போட முடியாது. இதைச் சொல்லும்போது பூவராகவன் பெரியநாயகியைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் குணமாலாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே ஒருத்தி பள்ளத்தை நோக்கி நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை, ரொம்பப் பொடிசாக இருப்பதை மட்டும் சொன்னால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு அரிசி பார்க்க உட்கார்ந்தாள். புழுங்கலரிசியில் வண்டு விழுந்திருந்தது. உலையில் ஓர் உயிர் வெந்துவிடக்கூடாது என்று அந்த வீட்டில் அரிசியை எப்போதும் இரண்டு பேர் பார்ப்பது வழக்கம். முதலில் குணமாலா பார்த்து, முறத்தை மாமியாரிடம் நகர்த்தினாள்.

"இந்த மூலையில ஒண்ணு ஓடுச்சு அத்தை. எனக்கு அகப்படல."

மதனவதி அம்மாள் அந்த மூலையையே துழாவினார். கிளறினார், ஊதினார், கடைசியில் பிடித்தும் விட்டார். வெற்றியோடு அதைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வந்தார். அதற்குள் முறத்தின் இன்னொரு விளிம்பில் இரண்டு வண்டுகள் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, இது எங்க இருந்துச்சு?" என்றார் மாமியார். "நீ அங்கன்னு சொன்னியா, நான் இந்தப் பக்கம் பார்க்கவே இல்ல."

குணமாலா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் பெரியநாயகிக்கு ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொடுத்தாளே. காட்டிய மூலையைத்தானே அவளும் பார்த்திருப்பாள்? அவளாகப் பார்த்திருந்தால் வேறு எங்கே என்ன பார்த்திருப்பாளோ.

"இன்னா, வண்டைப் பார்த்துத் தியானமா?" என்றார் மாமியார். "அரிசியை எடு, நேரமாகுது."

புதுச் சுருள்கள் வந்தன. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரை தொங்கியது. சாயக்காரர் இந்தத் தடவை ஒழுங்காக முக்கியிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெரியநாயகியின் வளையல் சத்தம், பெருமூச்சு, பென்சில் உருளும் சத்தம். குணமாலாவுக்கு ஒரு நாள் அபூர்வமான ஒன்று அகப்பட்டது. மோதிய இடத்துக்கு ரொம்பத் தள்ளி, ஒரு சுருட்டைக் கோட்டின் மறைவில், நகக்கண் அளவு கவட்டை. அவள் அதைக் குறித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்று ஆற்றில் இறங்கியதும் பெரியநாயகியே நின்றாள்.

"உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது. ஏதோ பார்த்துட்டே."

"ஒண்ணும் இல்லக்கா."

"வாயத் தொறந்தே, ஆத்துல தள்ளிடுவேன்."

"தண்ணியே இல்லையே."

"மணல்ல பொதைச்சிடுவேன்." பெரியநாயகி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னாள்: "என் நம்பர் இன்னாவா இருந்தாலும் அது என்னோடதா இருக்கட்டும், குணா. நீ போட்ட நம்பருக்கு அவரு மைசூர்பாகு குடுத்தாரு. நானும் வெக்கமில்லாம துன்னேன்."

குணமாலா எட்டி நடந்து அவள் கையைக் காதிலிருந்து எடுத்தாள். "நீ சொன்னதையும்தான் நான் எழுதிக்கினேன்" என்றாள்.

"எத்தினி? கை வெரலுக்குள்ள அடங்கும்."

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் பெரியநாயகி தன் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தைப் பற்றியே பேசினாள். யார் யார் என்ன புடவை, எந்தப் பந்தியில் என்ன குறைந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குணமாலா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

பங்குனிக் கடைசியில் பூவராகவன் வந்தார். கரும்பலகை எதுவும் இல்லாததால் மேசையின் வெள்ளைப் பலகையிலேயே பென்சிலால் எழுதினார். இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொதுவாக இருந்ததை ஒரு பக்கம், தனியாக இருந்ததை ஒரு பக்கம் என்று பிரித்தார். பெரியநாயகி சுவரோரம் நின்றாள். குணமாலாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"குணமாலாம்மா எண்பத்தாறு."

பென்சில் மறுபடி ஓடியது. ஓர் இடத்தில் அழித்து எழுதினார்.

"பெரியநாயகியம்மா எழுபத்துநாலு."

பெரியநாயகி சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். "எழுபதுக்கு மேலதானே சார் அது?"

"மேலதான்."

"இவ விட்டதுல நான் பிடிச்சது இருக்குதா?"

பூவராகவன் தாளில் விரலை ஓட்டினார். "இருக்கே. இந்தப் பக்கம் எழுதினது எல்லாம் நீங்க மட்டும் பார்த்தது. அதனாலதான் கணக்கு நல்லா வந்திருக்கு. ரெண்டு பேர் கண்ணுக்கும் தப்பினது நூத்துக்கு நாலுகூட இல்ல. இதை நான் தைரியமா அனுப்பலாம்."

பெரியநாயகி திரும்பி, பல நாளைக்குப் பிறகு, குணமாலாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். குணமாலா வலியில் முகம் சுளித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது வசதியான காரணமாக இருந்தது.

ஆனால் பூவராகவன் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. கோபப்படாதீங்க. இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே சமயத்துல உட்கார வேணாம்னு நினைக்கிறேன். ஒருத்தர் காலைல, ஒருத்தர் மத்தியானம். திரை போட்டாலும் நீங்க ரெண்டு பேரும் பெருமூச்சுலயே பேசிக்கறீங்க."

பெரியநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். குணமாலா சிரிக்கவில்லை. காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி என்றால் மணலில் கூட வர ஆள் இல்லை. மேசை தப்பிவிட்டது, வழி அடைபட்டுவிட்டது.

வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்று அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கடைசியில் ஒத்திகை எதுவும் உதவவில்லை. மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குணமாலா எதிரில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். மைசூர்பாகைச் சொன்னாள், எழுபத்துநாலைச் சொன்னாள். முறத்தில் இரண்டு வண்டு விட்டுப்போன அன்றைக்குத் தனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொன்னாள்.

"அதனால ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்க மாட்டாராம், அத்தை. திங்கக்கிழமைலேர்ந்து எனக்குக் காலைல."

மதனவதி அம்மாள் நாலைந்து புளியங்கொட்டைகளை எடுத்துப் போட்டார்.

"அவளுக்கு மத்தியானமா?"

"ஆமாம்."

"நீ எப்ப ஆத்துல எறங்குவே திரும்பி வர?"

"ஒரு மணி இருக்கும்."

"அவ எப்ப எறங்குவா?"

"அவளும் அப்பத்தான் கிளம்புவா."

"அப்ப பாதி ஆத்துல அவ இருப்பா" என்றார் மாமியார். "காலைல போறதை நான் பார்த்துக்கறேன்."

கொல்லையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த தேவகுமார், "நான் வேணா கொண்டுபோய் விடறேனே" என்றார்.

"மணல்ல சைக்கிள் ஓடுமாடா?" என்றார் அவருடைய அம்மா.

திங்கட்கிழமை காலை மதனவதி அம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்தார். மருமகள் மணலில் இறங்கி, புதர்களைத் தாண்டி, அக்கரையில் ஏறி, ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நின்றார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். வியாழக்கிழமை அவருக்கு முழங்கால் வலி. குணமாலா தனியாகப் போனாள். வெள்ளிக்கிழமை முழங்கால் சரியாகிவிட்டது, ஆனாலும் அவர் வரவில்லை.

அந்த மாடி அறை எழுபதுகளின் நடுப்பகுதி வரை நடந்தது. பிறகு ஃபிலிம் வருவது குறைந்தது. துகளும் துகளும் எதிரெதிராக வந்து மோதுகிற புது இயந்திரங்கள் வந்துவிட்டன என்றும், அங்கே படம் பார்க்கிற வேலையைக் துகள் கடந்தால் மின்துடிப்பாகச் சொல்லும் கம்பிகளும் கம்ப்யூட்டரும் எடுத்துக்கொண்டன என்றும் பூவராகவன் சொன்னார். கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளுமா என்று பெரியநாயகி கேட்டாள். அதற்கும் திரை போட வேண்டியிருக்கிறது என்றார் அவர்.

அதுவரைக்கும் நாள்தோறும் நடுப்பகலில் வேகவதியின் நடுவில் இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி வேலை முடித்து வருகிறவள், ஒருத்தி வேலைக்குப் போகிறவள். கீழே மணல் சுடும், மாறி மாறிக் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

"இன்னா, இன்னிக்கு மூஞ்சி பளபளன்னு இருக்குது?" என்பாள் பெரியநாயகி.

"வெயிலு."

"வெயிலா? அந்தச் சுருளா?"

"உங்க வீட்ல இன்னிக்கு இன்னா குழம்பு?"

"பேச்சை மாத்தாதே. பெருசா, சின்னதா? அதையாவது சொல்லு."

குணமாலா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொள்வாள். "போய்ப் பாரு" என்பாள் குடைக்குள்ளிருந்து. "நீயே பார்த்துக்கோ."